ஹவ்வா உம்மாவின் முறை

ஏறாவூரில் ஒரே ஒழுங்கையில் நாலு பெண்களுக்கு, கருப்பைக் கழுத்தில் புற்றுநோயை உண்டாக்குகிற கிருமி இருக்கிறது என்று கொழும்பிலிருந்து முடிவு வந்த அன்று, கையிலிருந்த தேநீரை என் வெள்ளைச் சீருடையிலேயே ஊற்றிக்கொண்டேன். சுட்டதுகூடத் தெரியவில்லை. நாலு பேர்! ஒரே சந்தில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். நாலு பேரிலும் ஒரே இனக் கிருமி, இருக்கிறதுக்குள்ளேயே பொல்லாதது. ஊர் முழுக்கத் தேடினாலும் இத்தனை பேர் அகப்படமாட்டார்கள். ஒரு ஒழுங்கையில் எப்படி வந்தது?

என் பெயர் அஜந்தா. பிறந்த ஊர் தேற்றாத்தீவு, வேலை ஏறாவூரில். குடும்பநல மாது, பிள்ளைத்தாய்ச்சிகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கிற அரசாங்க மருத்துவிச்சி. சனங்களுக்கு நான் 'மிஸ்'. எனக்கு வாய் கொஞ்சம் கூடுதல் என்று ஒரு பெயர் இருக்கிறது, அது பொய்யில்லை. ஆனால் இது என் கதை இல்லை, ஹவ்வா உம்மாவின் கதை. அவர் தன் கதையைத் தானே சொல்கிற ஆள் இல்லை என்பதால் நான் சொல்கிறேன்.

இந்த வட்டாரத்துக்கு மாற்றலாகி வந்த புதிதில், தமிழ்ப் பெண் ஒருத்தி வந்து பிள்ளைத்தாய்ச்சிகளின் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதற்கு ஒழுங்கையில் பலருக்கு மனம் வரவில்லை. தமிழ், முஸ்லிம் இரண்டு சனத்துக்கும் இடையில் சண்டைக் காலத்தில் நடந்தவை அப்படி. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டே 'வீட்டுல ஆரும் இல்ல' என்று சொன்னவர்கள் உண்டு. ஹவ்வா உம்மாதான் என்னைத் தன் விறாந்தையில் இருத்தி, வீடு வீடாகப் போய் ஆட்களைக் கூட்டிவந்தார். வந்தும் படுக்க மறுத்து நின்ற ஒரு சின்னப் பெண்ணிடம், "சரி, ஒனக்குப் பதிலா நான் படுத்துக் காட்டுறன், பாத்துட்டு மறுகா நீ படு" என்று பாயில் நீட்டி நிமிர்ந்து படுத்துவிட்டார். பிள்ளை பெறாத வயிறு. நானும் தொட்டுப் பார்த்து, "ஆ, புள்ள சுகமா இருக்கு" என்றேன். ஒழுங்கையே சிரித்தது. அதற்குப் பிறகு எனக்கு ஒருவரும் கதவு சாத்தவில்லை.

அவருடைய சீவியமே அப்படித்தான், யாருக்காவது பதிலாக நிற்பது. கூடப்பிறந்த ராத்தா பிள்ளைப்பேற்றில் மௌத்தாகிவிட, தாயில்லாத குழந்தைக்காக மச்சானையே கட்டிக்கொண்டவர். அந்தக் குழந்தைதான் றிஸ்லான். தனக்கென்று ஒன்று பெறவில்லை. புருஷனும் வாவியில் தோணி கவிழ்ந்து போய்ச் சேர்ந்துவிட, பிள்ளையை வளர்க்கச் சவூதிக்குப் போனார். அங்கேயும் சொந்தப் பெயரில் போகவில்லை! பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பயணம் எல்லாம் சரிவந்து, வெளிக்கிடும் நேரத்தில் அவள் பயந்து அழ, ஏஜென்சிக்காரன் அவளுடைய கடவுச்சீட்டிலேயே இவரை ஏற்றிவிட்டான். அந்தக் காலத்தில் அதெல்லாம் நடந்தது. சவூதி வீட்டில் வேறு ஒருத்தியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட, இவர் ஓடி ஓடிப் போய் நின்றார்.

"முதல்ல கூப்பிட்டா வெளங்காது, ஏச்சு விழும். மறுகா பழகிட்டு" என்று சொல்லுவார். "ஊருக்கு வந்தாப் பிறகு ஹவ்வா எண்டு ஆரும் கூப்பிட்டா, வேற ஆரையோ எண்டு நான் பாட்டுக்குப் போய்க்கிட்டு இருப்பன்." சொல்லிவிட்டுத் தானே சிரிப்பார்.

எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாடே வரிசையில் நின்ற வருடம், ஒழுங்கைக்காக வரிசையில் நின்றது ஹவ்வா உம்மாதான். தாய் வெளிநாட்டில் என்றால் பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு அவர் போவார். ஒருமுறை ஒரே கூட்டத்தில் மூன்று பிள்ளைகளுக்குத் தாயாகக் கையெழுத்துப் போட்டு, அதிபரிடம் நல்ல ஏச்சு வாங்கிக்கொண்டு வந்தார். 'தனக்கு மிஞ்சித்தான் தானம் உம்மா' என்று நான் சொன்னால், 'எனக்கு என்ன குறை மகள்' என்பார். அந்த மனுசியோடு கதைத்து வெல்ல ஏலாது.

றிஸ்லான் வளர்ந்து, அதே ஒழுங்கையில் சப்னாவைக் கலியாணம் முடித்தான். எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண் வீட்டோடு போனான், பிறகு கத்தாருக்குப் போனான். சப்னாவுக்குப் போன வருடம் முப்பத்தைந்து வயது ஆனது. அங்கேதான் கதை தொடங்குகிறது.

முப்பத்தைந்திலும் நாற்பத்தைந்திலும் பெண்களைக் கூப்பிட்டுக் கருப்பைக் கழுத்தைச் சோதிக்கிறது தேசியத் திட்டம். முன்பு எங்கள் கிளினிக்கிலேயே ஆளைப் படுக்கவைத்து, டொக்டர் உள்ளே பார்த்து, சுரண்டி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பூசி அனுப்புவோம். தகட்டைப் பார்க்க ஆள் குறைவு. முடிவு வர மாதக்கணக்காகும். அதனால் இந்த வேலையை வெளியே, கொழும்பில் ஒரு தனியார் கொம்பனிக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று கேட்டபோது, எங்கள் சுகாதாரக் கந்தோரில் முதலில் கைதட்டியவள் நான்தான். கொம்பனி கிட் தரும். பெண் தானே வீட்டில் ஒரு சின்னப் பிரஷ்ஷை உள்ளே விட்டுச் சுற்றி எடுத்து, குழாயில் போட்டு மூடித் தந்தால் போதும். யாருக்கும் கால் விரித்துக் காட்டத் தேவையில்லை. நல்ல முறைதான், அதை நான் குறை சொல்லமாட்டேன். அவர்கள் நாள் குறித்த விதத்தைத்தான் சொல்லுவேன், சாகும்வரை சொல்லுவேன்.

நோன்பு மாதத்தில் ஏறாவூரில் நாங்கள் இந்தக் கிளினிக் வைப்பதில்லை. யாரும் போட்ட சட்டம் இல்லை. நோன்போடு இருக்கிற பெண் உடம்புக்குள் எதையும் செலுத்தமாட்டாள் என்பது இங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். கொழும்புக் கொம்பனியின் கலண்டருக்குத் தெரியவில்லை. எங்கள் பக்கம் வான் வருகிற நாள் நோன்பின் நட்டநடுவில் விழுந்தது. காலையில் கிட் கொடுத்து, பின்னேரத்து அஸர் தொழுகைக்கு முன் திருப்பி எடுக்க வேண்டுமாம். இரவில் செய்து மறுநாள் தரலாமா என்றால் அதுவும் ஏலாதாம், வான் அன்றைக்கே திரும்பிவிடுமாம்.

கொம்பனியில் எங்கள் மாவட்டத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் சிவதர்ஷன் என்று ஒருவர். போன் எடுத்தேன்.

"தம்பி, பெருநாள் முடியட்டும். பிறகு வாங்க."

"ரூட் எல்லாம் போட்டாச்சு மேடம். இந்த டேட்ட விட்டா உங்கட ஏரியா அடுத்த ரவுண்ட்லதான்."

"அடுத்த ரவுண்ட் எப்ப?"

"அது இன்னும் எங்களுக்கே சொல்லல்ல மேடம்."

மரியாதையான பிள்ளை. மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை, வேலைக்குத்தான் உதவவில்லை. ஒழுங்கையில் அந்த வயதுகளில் இருந்த சப்னாவுக்கும் மற்ற மூன்று பெண்களுக்கும் கிட்டைக் கொடுக்கும்போதே சொன்னேன், நோன்பென்றால் அப்படியே வெறுமையாகத் திருப்பித் தாருங்கள், வேறு நாளுக்கு நான் சண்டை பிடிக்கிறேன் என்று. பின்னேரம் ஹவ்வா உம்மா ஒரு சீலைப் பையோடு வந்தார். ஒழுங்கையின் நாலு கிட்டும் உள்ளே. நாலும் நிரப்பி மூடியிருந்தது.

"எல்லாம் சரியா உம்மா?"

"எல்லாம் சரி மகள். ஒங்களுக்கு ஒரு சொல்லும் வராது."

வான்காரர் ஹோர்ன் அடித்துக்கொண்டு நின்றார். வாங்கி ஏற்றிவிட்டேன்.

பெருநாள் முடிந்து, எல்லோரும் அதை மறந்திருந்த நேரத்தில்தான் முடிவு வந்தது. கந்தோருக்கு வந்த அதே வேளை, கொடுத்திருந்த போன் நம்பர்களுக்கும் கொம்பனி நேரே மெசேஜ் அனுப்பிவிட்டது. என்ன புத்தி இது! நோய் வருத்தத்தை ஆளிடம் சொல்வதற்கு ஒரு முறை இல்லையா? பக்கத்தில் இருந்து, கையைப் பிடித்து, விளங்கப்படுத்திச் சொல்கிற விஷயத்தை, போனுக்குக் காசு ரீலோட் ஆனது போல அனுப்பியிருக்கிறார்கள். சப்னா புருஷனின் நம்பரைத்தான் கொடுத்திருந்தாள். மெசேஜ் நேரே கத்தாரில் நின்ற றிஸ்லானுக்குப் போனது. அவன் இன்டர்நெட்டில் தேடி, இந்தக் கிருமி ஆண் பெண் சேர்க்கையால் வருவது என்று வாசித்திருக்கிறான். அவன் ஊருக்கு வந்து வருடக்கணக்காகிறது, சந்தேகம் சப்னா மேல் விழுந்தது. பிறகு கேட்கவா வேண்டும்?

நான் அன்றைக்கே நாலு பேருக்கும் சொல்லியனுப்பினேன், மறுபடி சோதிக்க வேண்டும், உடனே கிளினிக்குக்கு வாருங்கள் என்று. ஒருத்தியும் வரவில்லை. இன்னொரு தரம் சொல்லியனுப்பினேன். ஒரு அசுமாத்தமும் இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உயிர் போகிற விஷயம், இவர்கள் வெட்கம் பார்க்கிறார்களே என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேரே ஒழுங்கைக்கே போனேன்.

சப்னா வீட்டில் நாலு பேரும் ஒன்றாக இருந்தார்கள். நாலு பேர் முகமும் அழுது வீங்கியிருந்தது. சப்னாவைப் பார்க்க முடியவில்லை, ஆள் பாதியாகப் போயிருந்தாள். என் கோபம் எல்லாம் இறங்கிவிட்டது.

"இங்க பாருங்கவன், பயப்படாதீங்க" என்றேன். "இது புற்றுநோய் இல்ல. கிருமி இருக்கு, அவ்வளவுதான். கன பேருக்கு தானாவே போயிரும். வந்து ஒருக்கா காட்டினாத்தானே தெரியும்? சப்னா, ஒன்ட புருசன்கிட்ட நான் கதைக்கிறன். இது எத்தினயோ வருசம் உள்ளுக்குள்ள ஒளிச்சிருக்கிற சாமான், அவரிட்ட இருந்துகூட வந்திருக்கலாம்."

நாலு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். சப்னா நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"மிஸ், அது எங்கட இல்ல."

"எங்கட இல்லையெண்டா? ஒங்கட பேர், ஒங்கட கிட்!"

"நாங்க நாலு பேரும் அண்டைக்கு நோம்பு மிஸ். வெறும் கிட்டத்தான் திருப்பித் தர இருந்த. ஹவ்வா மாமிதான் சொன்னா, 'மிஸ் நமக்காக எவ்வளவு செஞ்சிரிக்கா, வெறும் கிட் போனா கொழும்புல அவக்குப் பேர் கெட்டுப்போகும், எனக்கு சீனி வருத்தம், நான் நோம்பில்ல, தாங்க நான் செஞ்சி தாறன்' எண்டு."

எனக்கு விளங்கவில்லை. விளங்க மறுத்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

"எத்தினயச் செஞ்சா?"

"நாலயும் மிஸ். நாலும் மாமிட."

நான் நின்ற இடத்திலேயே இருந்துவிட்டேன். கதிரை இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை, நல்ல காலம் கட்டில் இருந்தது. என் பெயர் கெட்டுவிடக் கூடாது என்று! கடவுளே, என் பெயருக்காக! நாலு பெண்களுக்கு நோய் என்று நான் கிடந்து துடித்துக்கொண்டிருக்க, அது ஒரே மனுசி. அதே மனுசி. நாலு தரம் சோதித்து நாலு தரமும் தப்பாமல் அகப்பட்ட ஒரே மனுசி.

"எப்பயிருந்து தெரியும் ஒங்களுக்கு?"

"மெசேஜ் வந்த அண்டே தெரியும்" என்றாள் அடுத்த வீட்டுக்காரி. "அவட முகத்தப் பாத்து எப்பிடி மிஸ் சொல்ற?"

"அறிவில்லையா ஒங்களுக்கெல்லாம்!" நான் கத்திய சத்தத்தில் வெளியே நின்ற கோழிகள் சிதறின. "அந்த மனுசி செத்தாப் பிறகா சொல்லப் போனீங்க?"

சப்னா ஓவென்று அழுதுவிட்டாள். "அவர் ஒவ்வொரு நாளும் போன் எடுத்து ஆரு, ஆரு எண்டு கேக்கிறார் மிஸ். ஒங்கள வளத்த உம்மாட வருத்தம் அது எண்டு நான் எந்த வாயால சொல்லுவன்? அவக்குத் தெரியாம அவட மானத்த நான் எப்பிடிப் பறையிற?"

இந்தப் பெண் இத்தனை நாளும் செய்யாத குற்றத்துக்கு ஏச்சு வாங்கிக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள். எனக்குப் பேச்சு வரவில்லை. எனக்கு!

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. றிஸ்லான். சப்னா எடுக்கப் பயந்து நின்றாள். நான்தான், "எடு, நான் கதைக்கிறன்" என்றேன். எடுத்ததும் அவன் குரல் வீடு முழுக்கக் கேட்டது.

"கடைசியாக் கேக்கிறன். ஆரெண்டு சொல்லு. இல்லாட்டி தலாக் சொல்லக் காதி கோட்டுக்குப் போவன், அங்க சொல்லு."

"ஆருக்கு மனே காதி கோடு?"

வாசலில் ஹவ்வா உம்மா. கையில் இறால் கறிச் சட்டி, சூடு தாங்க ஒரு பழந்துணி. எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். சப்னா போனை வைக்காமலே கையில் பிடித்திருந்தாள்.

எத்தனையோ வீட்டில் எத்தனையோ கெட்ட செய்தி சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் சொல்ல மனம் வரவில்லை. ஆனால் நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?

"உம்மா, இருங்க. நோம்புக்குள்ள நீங்க நிரப்பித் தந்த நாலு கிட்டும் பிழையா வந்திருக்கு. கர்ப்பப்பைக் கழுத்துல புற்றுநோயக் கொண்டு வாற கிருமி. நாலுலயும்."

அவர் சட்டியை மெல்ல நிலத்தில் வைத்தார். துணியை மடித்து அதன் மேல் போட்டார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அப்ப இந்தப் புள்ளைகளுக்கு ஒண்டும் இல்லதானே?"

எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்வேன்! "ஒங்களுக்கு இருக்கு உம்மா! ஒங்களுக்கு! அந்தப் புள்ளைகள விடுங்க, ஒங்களுக்கு!"

அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றார். அந்த நிற்கிற விதத்தைப் பார்த்தேன். பயந்தவள் நிற்கிற விதம் இல்லை அது. முன்பே தெரிந்தவள் நிற்கிற விதம்.

"உம்மா, ரத்தம் போகுதா?"

மற்றவர்களைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "போகும்."

"எப்பயிருந்து?"

"போன வருச நோம்புக்கும் முந்தி. கொஞ்சம் கொஞ்சம் போகும், நிக்கும். இப்ப நிக்கிறல்ல."

ஒரு வருடத்துக்கு மேல்! மாதவிலக்கு நின்று எத்தனையோ காலமான மனுசிக்கு ஒரு வருடத்துக்கு மேல் இரத்தம் போயிருக்கிறது. நான் கிழமைக்கு ஒரு தரம் அந்த வீட்டில் தேநீர் குடித்திருக்கிறேன்.

"சீனி வருத்தத்துக்கு நோம்ப விட்டிரிக்கன் எண்டு சொன்னீங்களே உம்மா?"

"சீனியும் இரிக்கிதான். சீனிக்கு எப்ப நான் நோம்பு விட்டிரிக்கன்? ரத்தம் போற பொம்பள எப்பிடி மகள் நோம்பு புடிக்கிற? அத ஆருக்கிட்டச் சொல்ற, இந்த வயசில? சீனி எண்டா ஆரும் மறுகா கேக்கமாட்டாங்க."

மாதவிலக்கு நேரத்தில் நோன்பு கூடாது என்கிற தடையை இந்த நோய்க்கும் உரியது என்று நினைத்துக்கொண்டு, அந்த மனுசி தன் நோன்பை விட்டிருக்கிறார். அதை மறைக்கச் சீனி வருத்தம், நீரிழிவு என்று சொல்லியிருக்கிறார். நோன்பில்லாத ஒரே ஆள் என்பதால்தான் நாலு கிட்டும் அவர் கைக்குப் போயின.

"எனக்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்தானே உம்மா?"

"நீங்க புள்ளத்தாச்சிமாரப் பாக்கத்தானே வாறீங்க மகள்" என்றார். குறையாகச் சொல்லவில்லை. நேரம் இல்லாத ஆளுக்கு ஏன் கரைச்சல் என்கிற மாதிரித்தான் சொன்னார்.

போனுக்குள்ளிருந்து, "உம்மா?" என்று றிஸ்லானின் குரல் வந்தது. பிறந்ததிலிருந்து அவரை உம்மா என்றுதான் கூப்பிடுவான். ஹவ்வா உம்மா சப்னாவின் கையிலிருந்து போனை வாங்கினார். ஒரு வருடமாக ஒருவருக்கும் தெரியாமல் மூடி வைத்ததை, ஒழுங்கைப் பெண்கள் எல்லோரும் பார்த்திருக்க, வளர்த்த பிள்ளையிடம் உரத்துச் சொன்னார்.

"கேட்டியா மனே? அந்த வருத்தம் என்ட. ஒன்ட பொண்டாட்டிட இல்ல. எனக்கு ரத்தம் போகுது, எனக்குத்தான் அது. இந்தப் புள்ள என்ட மானத்துக்காக ஒன்ட ஏச்செல்லாம் கேட்டுக்கிட்டு இருந்திரிக்காள். இனி ஒன்ட வாயில காதி கோடு எண்டு வந்திச்சோ, என்ட மௌத்துக்கு நீ வராத. வெளங்கிச்சா?"

அந்தப் பக்கம் பெரிய ஆம்பிளை ஒருவன் சின்னப் பிள்ளை போல விம்முகிற சத்தம் கேட்டது. சப்னா போனைத் திரும்ப வாங்கவில்லை. மாமியின் தோளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அடுத்த நாள் கொம்பனிக்குப் போன் எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"தம்பி, ஒரே ஒழுங்கை, ஒரே நாள், ஒரே கிருமி, நாலு பேர். ஒருத்தருக்கும் அங்க ஒரு கேள்வி வரல்லையா?"

"மேடம், இங்க எங்களுக்குத் தெரியிறது ஒரு நம்பர் மட்டும்தான். ஒழுங்கை எல்லாம் தெரியாது. வந்த சாம்பிளப் பார்த்தம், ரிசல்ட்ட அனுப்பினம்."

"சரி, அந்த முடிவ ஹவ்வா உம்மாட பேருக்கு மாத்தித் தாங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக."

"அது ஏலாது மேடம்."

"அப்ப ஒரு புதுக் கிட் தாங்க."

"அவங்கட வயசு என்ன மேடம்?"

சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டார். "அவங்க ப்ரோக்ராமுக்குள்ள இல்ல மேடம். நாங்க எடுக்க ஏலாது."

நாலு தரம் சோதித்த மனுசியை ஒரு தரம் சோதிக்க ஏலாதாம்! போனை வைத்துவிட்டு நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. கந்தோரில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

கிட் வேண்டாம், எங்கள் பழைய கிளினிக் கட்டிலே போதும் என்று அவரைக் கூட்டிக்கொண்டு வந்து டொக்டரிடம் காட்டினேன். டொக்டர் கருவியை வைத்து, லைட்டைத் திருப்பி உள்ளே பார்த்தார். பார்த்த உடனே என்னைப் பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன். சோதிக்கவே தேவையில்லை. வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. கொழும்புக்குப் போய் வந்த குழாயும் வேண்டாம், மெசேஜும் வேண்டாம், ஒருத்தர் ஒருக்கால் எட்டிப் பார்த்திருந்தால் போதும். நான் துணியை இழுத்து ஹவ்வா உம்மாவின் காலை மூடிவிட்டேன்.

"இன்னும் பரவல்ல எண்டுதான் நினைக்கிறன்" என்று டொக்டர் வெளியே வந்து மெதுவாகச் சொன்னார். "சதை எடுத்துப் பார்த்தாத்தான் சொல்லலாம். ஒரு நாளும் பிந்தாதீங்க."

மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு நான், சப்னா, மற்ற மூன்று பேர் எல்லோருமாக அவரைக் கூட்டிக்கொண்டு போனோம். ஒருத்தி சாப்பாட்டுப் பார்சல், ஒருத்தி தண்ணீர்ப் போத்தல், ஒருத்தி மாற்றுடுப்பு. ஹவ்வா உம்மா பஸ்ஸில் முழுக்க, "நாலு வீட்டு உலையும் ஏறாமக் கெடக்கப் போகுது, ஒருத்தி வந்தாப் போதாதா" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அங்கே நீள வாங்குப் பலகையில் இடம் பிடித்து இருந்ததும், பக்கத்தில் ஒரு கிழவி நம்பர் எடுக்கத் தெரியாமல் முழிப்பதைக் கண்டு, "இருங்க, நான் எடுத்துத் தாறன்" என்று எழும்பினார். சப்னா அவர் முந்தானையைப் பிடித்து இழுத்து இருத்தினாள்.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்து நேர்ஸ் தலையை நீட்டினாள்.

"ஹவ்வா உம்மா!"

ஒருவரும் எழும்பவில்லை. நேர்ஸ் மறுபடியும் கூப்பிட்டாள். ஹவ்வா உம்மா கிறுகிப் பின்னால் பார்த்தார், அந்தக் கிழவியைப் பார்த்தார், கூப்பிட்ட ஆள் ஏன் இன்னும் எழும்பவில்லை என்று தேடுகிற மாதிரி.

"மாமி" என்றாள் சப்னா. "ஒங்களத்தான்."

"என்னயா?"

எழும்பினார். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டு இரண்டு அடி வைத்தவர் நின்று, திரும்பி வந்து சப்னாவின் கையைப் பிடித்தார். முகத்தில் பழைய சிரிப்பைக் கொண்டுவரப் பார்த்தார், வரவில்லை.

"மகள், எனக்குப் பதிலா நீ ஒருக்காப் போயிட்டு வாறியா?"

யாரும் சிரிக்கவில்லை. நேர்ஸ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஹவ்வா உம்மா சப்னாவின் கையை விட்டுவிட்டு உள்ளே போனார்.